மாதாந்திர மாத்திரையை எங்கே வாங்குவது, சந்தேகத்தை யாரிடம் கேட்பது?

சென்ற ஆடியில் அம்மாவுக்கு முழங்கால் வலி. அம்மா திருச்சி உறையூரில் தனியாக இருக்கிறார்; நான் பெங்களூர், தங்கை கோவை. டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருக்க அலுப்புப்பட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் "முட்டி வலிக்கு ஏதாச்சும் குடு தம்பி" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாகக் கத்தரித்து, சின்னக் காகித உறைகளில் போட்டு, "காலைல ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு, சாப்ட்டுட்டுப் போடுங்கம்மா" என்று கொடுத்திருக்கிறான். ஐந்து நாளைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். பில் கிடையாது. மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. கைராசிக்காரப் பையன் என்று அம்மா இன்னும் ஐந்து நாளைக்கு வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் இரண்டு பாதமும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பிரஷர் 180-க்கு மேல். எப்போதும் 150, 160-ல் நிற்கும் சர்க்கரை 340. தில்லை நகரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?" அம்மா சொன்ன பதில், "வெள்ளை ஒன்னு, ரோஸ் ஒன்னு, பொடிசா பச்சை ஒன்னு." மிச்சமிருந்த உறையைப் பிரித்துப் பார்த்தால் வெட்டிய துண்டுகளில் மருந்தின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் ஊகித்தார். ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அடக்கும், கூடவே சர்க்கரையை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும். ஏற்கெனவே டெல்மிசார்டன் போடுகிறவருக்குச் சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும். நல்லவேளை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தத்தில் ஏறியிருந்தது, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கியது.

அந்த மாதம்தான் தங்கையும் நானும் இதைப் பற்றி ஒழுங்காகப் பேசினோம். அம்மாவுக்கு மொத்தம் ஏழு மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஆம்லோடிபினும், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், தைராய்டுக்கு ஒன்று, எலும்புக்குக் கால்சியம். இவற்றை இனி எங்கே வாங்குவது? தெருமுனை மெடிக்கலா, தள்ளுபடி தரும் பெரிய கடையா, ஆப்பா, முதல்வர் மருந்தகமா, அரசு நலவாழ்வு மையமா? தங்கை எக்செல்லில் விலைப்பட்டியல் போட்டு அனுப்பினாள். பட்டியல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் காலை வீங்க வைத்தது விலை இல்லையே. ஒரு சந்தேகம் வந்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா என்ற கட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது.

பார்மசிஸ்ட் என்பவர் யார்

1948-ஆம் வருடத்துப் பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற பார்மசிஸ்ட். டி.பார்ம் என்றால் இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் நான்கு வருடம், ஃபார்ம்.டி ஆறு வருடம். 2015-ல் இந்திய பார்மசி கவுன்சில் கொண்டுவந்த தொழில் விதிகள், மருந்தை நீட்டுவதோடு அதை எப்படிச் சாப்பிட வேண்டும், எதோடு சேரக் கூடாது என்று நோயாளிக்கு விளக்குவதையும் அவருடைய வேலையாகச் சொல்கின்றன. வெள்ளைக் கோட்டும் பெயர் அட்டையும்கூட அதில் உண்டு.

நடப்பு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சில கடைகளில் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும், அதற்குரியவர் வேறெங்கோ வேலை பார்ப்பார். கல்லாவில் நிற்பவர் பத்து வருட அனுபவத்தில் டாக்டர் கையெழுத்தைப் படிக்கப் பழகியவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கையெழுத்து வாசிப்பதில் பல பார்மசிஸ்டுகளைவிடக் கெட்டிக்காரர். ஆனால் அம்மாவின் டெல்மிசார்டனோடு டைக்ளோஃபெனாக் சேரலாமா என்பது கையெழுத்தில் இருக்காது.

என் மைத்துனர் லண்டனில் இருக்கிறார். அங்கே 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காதுவலி, பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த் தொற்று என ஏழு உபாதைகளுக்குப் பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தருகிறார், டாக்டரிடம் போக வேண்டியதில்லை. நம் ஊர்ப் பார்மசிஸ்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்குவது லண்டனைவிட நம் தெருவில்தான் சுலபம். இத்தனைக்கும் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கென்று 2014 மார்ச்சில் இருந்து எச்1 என்றொரு அட்டவணை நடப்பில் இருக்கிறது. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள், அல்பிரசோலாம் போன்றவை அதில் வரும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும். விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் அந்த நோட்டைத் திறந்து எழுதி நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

தெருமுனை மெடிக்கல்

செட் கொடுத்த கடையும் தெருமுனைக் கடைதான். எனவே தங்கை இதை முதலிலேயே அடித்துவிட்டாள். எனக்கு மனசு வரவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது சுற்றுவட்டாரத்தில் நாலு கடைக்கு ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி கேட்டேன்: "அம்மாவுக்கு முட்டி வலி, ஏதாவது மாத்திரை குடுங்க." இரண்டு கடையில் உடனே அட்டையை எடுத்தார்கள். ஒரு கடையில் "டாக்டர் சீட்டு இருக்கா சார்?" என்றதோடு சரி. நாலாவது கடை, நாச்சியார் கோயில் பக்கம், சின்னது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நின்றார். "அம்மாவுக்கு வயசு என்ன? சுகர், பிரஷர் இருக்கா? வேற என்ன மாத்திரை போடுறாங்க?" என்று மூன்று கேள்வி கேட்டார். நான் ஏழையும் சொன்னதும், "வலி மாத்திரை வேணாம் சார். பாரசிட்டமால் 650, வலி இருந்தா மட்டும், ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேணாம். அதுலயும் குறையலைன்னா எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்றார். விற்றது பதினைந்து மாத்திரை உள்ள ஒரே அட்டை. அதற்கும் பில் போட்டார்.

மறுநாள் அம்மாவையே கூட்டிப் போனேன். எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார். மேஜைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"காலைல எந்திரிச்சதும் தைராய்டு மாத்திரை போட்டுருவேன்மா."

"எதோட?"

"காபியோடதான்."

"ஏம்மா, காபியோடயா? வெறும் தண்ணியில போட்டு அரை மணி நேரம் கழிச்சுல்ல காபி குடிக்கணும்! கால்சியம் எப்ப?"

"அதையும் சேத்தே போட்டுருவேன். மறந்துரும்ல."

தைராக்சினும் கால்சியமும் சேர்ந்து வயிற்றுக்குள் போனால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையில் நாலு மணி நேரம் வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முறை தைராய்டு அளவு சரியாக வரவில்லை என்று மாத்திரையின் பவரைக் கூட்டியிருந்தார்கள். காரணம் ஃபில்டர் காபியாக இருக்கும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அவர் காபியைப் பற்றிக் கேட்டிருக்கலாம், அம்மா தலையாட்டியிருக்கலாம். பார்மசிஸ்ட் கேட்டது மாத்திரை கைக்குப் பக்கத்தில் கிடக்கும்போது. அந்தக் கால் மணி நேரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. பிரஷர் பார்க்க 20, சர்க்கரை பார்க்க 40 ரூபாய் வாங்குகிறார், அது நியாயம்தான்.

இன்னொரு காட்சி. நாங்கள் நின்றபோது ஒரு பெரியவர் ஆஸ்துமா மருந்து வாங்க வந்தார். உறிஞ்சும் கருவியில் போட்டு இழுக்க வேண்டிய கேப்ஸ்யூல். "நல்லாவே கேக்க மாட்டேங்குது" என்று புலம்பினார். எப்படிப் போடுகிறீர்கள் என்றால், தண்ணீரில் விழுங்குகிறாராம். மூன்று வாரமாக. அந்தப் பெண் சிரிக்கவே இல்லை. கருவியை எடுத்து, கேப்ஸ்யூலைச் செருகி, திருகி, "முதல்ல மூச்ச வெளிய விடுங்கய்யா. இப்ப வாயில வெச்சு இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் அடக்குங்க" என்று செய்து காட்டி, முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார். ஸ்டீராய்டு கலந்த மருந்தாயிற்றே, கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளை படியும். இந்த ஒரு வேலைக்கு எந்த ஆப்பும் ஈடாகாது.

மோசமான தெருமுனைக் கடையையும் நல்லதையும் பிரித்தறிய எனக்குக் கிடைத்த அடையாளங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, கூட்டம் அலைமோதும்போது, சான்றிதழில் இருக்கும் முகம் கடையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அட்டையை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுகிறார் என்று கவனிக்கலாம்: பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரம் கடைசிவரை மிஞ்சும்படி வெட்டுகிறவர் தொழில் தெரிந்தவர். வெட்டி வாங்கினால் விலையும் விகிதப்படிதான், அதற்கு மேல் கேட்க விலைக் கட்டுப்பாட்டு ஆணை இடம் தரவில்லை. ஃபிரிட்ஜுக்குள் இன்சுலின் பக்கத்தில் தயிர்ச்சாத டப்பா இருந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

குழந்தைக்கு மருந்து கேட்டால் எடையைக் கேட்கிறாரா என்பது நல்ல சோதனை. பாரசிட்டமாலிலேயே சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 உண்டு, 250-ம் உண்டு. பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், சொட்டில் ஒன்றரை மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி, 120 சிரப்பில் ஆறு மில்லிக்குச் சற்று மேல். பழைய பாட்டில் நினைவில் புதுசை ஊற்றினால் அளவு எங்கேயோ போய்விடும். இருமல் சிரப் கேட்டால் "எத்தனை வயசு?" என்று கேட்டு, இரண்டு வயதுக்குக் கீழே என்றதும் தர மறுப்பவர் சரியான ஆள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசச் சிந்த்வாராவில் அத்தனை குழந்தைகள் இறந்தார்களே, அந்தக் கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தச் சமயத்தில் வீட்டிலிருக்கும் பாட்டிலின் பேட்ச் எண்ணை எடுத்துக்கொண்டு ஜனங்கள் ஓடியது மெடிக்கலுக்குத்தான்.

விற்காமல் அனுப்பிவைக்கவும் தெரிய வேண்டும். நெஞ்சு அழுத்தம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல், நாய்க்கடி, இவற்றுக்கு மாத்திரை கொடுக்கிற கடை ஆபத்தான கடை. நாய்க்கடி என்றால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவச் சொல்லி, நேரே ஜி.எச்சுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ விரட்ட வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

குறை என்றால் விலை. தெருமுனைக் கடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்காது. பேராசை என்று நினைத்துவிட வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டில் வரும் மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் லாபமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே 16 சதவீதம். அதில் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம். அம்மாவின் ஏழு மாத்திரையும் கம்பெனி பெயரிலேயே வாங்கினால் மாதம் 1,900 ரூபாய் ஆனது.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம்

இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மக்கள் மருந்தகம் மத்திய அரசுத் திட்டம், 2008-ல் ஜன் அவுஷதி என்று தொடங்கியது. முதல்வர் மருந்தகம் தமிழ்நாடு அரசுடையது. 2025 பிப்ரவரி 24-ல் ஒரே நாளில் ஆயிரம் கடைகள் திறந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களும் பார்மசி படித்த தனியாரும் நடத்துகிறார்கள், தனியாருக்கு மூன்று லட்சம் ரூபாய் மானியம். இரண்டிலும் விற்பது ஜெனெரிக், அதாவது கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே வரும் மாத்திரை. கம்பெனி மாத்திரையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழான விலை, சிலதில் நாலில் ஒரு பங்கு. அம்மாவின் ஏழில் ஆறை இங்கே வாங்கினால் 600 ரூபாய்க்குள் முடிந்தது. தைராய்டு மாத்திரையை வெளியே வாங்கினாலும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் என்பது ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்குச் சின்னத் தொகையா?

"விலை கம்மின்னா பவரும் கம்மியாத்தான் இருக்கும்" என்பது அம்மாவின் முதல் வாதம். பவர் என்பது மில்லிகிராம், அது அட்டையிலேயே இருக்கிறது. விலை குறைவதற்கு முக்கியக் காரணம், விளம்பரச் செலவும் டாக்டர் வீட்டு வாசலில் பையோடு காத்திருக்கும் பிரதிநிதியின் செலவும் இதில் இல்லாதது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அம்மா பக்கம் நியாயம் உண்டு. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஆகியவற்றில் அளவு இம்மி பிசகினாலும் தெரியும். எந்தப் பிராண்டில் நிலைத்திருக்கிறதோ அதை அடிக்கடி மாற்றக் கூடாது. மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தைராய்டுக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதனால்தான் ஏழில் ஆறு.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. டாக்டர் சீட்டில் கம்பெனி பெயர் இருந்தால், அதே மருந்து வேறு பெயரில் இருந்தாலும் பார்மசிஸ்ட் தானாக மாற்றிக் கொடுக்க மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே முதலில் டாக்டரிடமே மருந்தின் சொந்தப் பெயரை எழுதித் தரச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் முகத்தைச் சற்றுச் சுளித்தார், அப்புறம் எழுதினார். "மூன்று மாதம்" என்றும் சேர்த்து எழுதச் சொன்னோம். எத்தனை தடவை வாங்கலாம் என்று குறிப்பிடாத சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தர வேண்டும் என்பது சட்டம், எந்தக் கடை அதைக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

ஆலோசனை கிடைக்குமா? நாங்கள் போன கடையில் இருந்த இளைஞர் பி.பார்ம் படித்தவர், பொறுமையாகப் பேசினார். ஆனால் ஆம்லோடிபின் இரண்டு மாதத்தில் ஒருமுறை இருப்பில் இல்லை. பிரஷர் மாத்திரையில் "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் செல்லுபடியாகாது. பத்து நாளைக்கான மாத்திரை கையில் மிஞ்சும்போதே போய் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

ஆப்பும் பெரிய கடையும்

ஆப்பில் எனக்கிருந்த கவர்ச்சி வெளிப்படையானது. பெங்களூரில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் உறையூரில் பெட்டி இறங்கும். இருபது சதவீதம் வரை தள்ளுபடி, பில்லில் பேட்ச் எண் முதற்கொண்டு எல்லாம் ஒழுங்காக அச்சாகி வரும். மூன்று மாதம் அப்படித்தான் அனுப்பினேன். இரண்டாம் மாதம் டெல்மிசார்டன் 40-க்குப் பதில் டெல்மிசார்டனோடு இன்னொரு மருந்து சேர்ந்த மாத்திரை வந்தது. பெயரில் ஒரே ஒரு எழுத்து கூடுதல். தேர்ந்தெடுத்தது நான்தான், தப்பு என்னுடையதுதான். ஆனால் எதிரே ஒரு ஆள் நின்றிருந்தால் "போன மாசம் வேற வாங்குனீங்களே" என்று கேட்டிருப்பார். சீட்டு இல்லை என்றால் "எங்கள் டாக்டர் பேசுவார்" என்று ஒரு போன் வரும். ஒன்றரை நிமிடம் பேசி ஒரு மின்சீட்டு அனுப்பிவிடுவார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை.

சட்ட நிலையும் தெளிவாக இல்லை. ஆன்லைன் மருந்து விற்பனைக்கு 2018-ல் வரைவு விதிகள் வந்தன. அதே வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை விற்கக் கூடாது என்றார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. மாறாத மாத்திரை, தெளிவான சீட்டு, வீட்டை விட்டு இறங்க முடியாத நோயாளி என்றால் ஆப் நல்ல வழி. புதிதாகத் தொடங்கும் மருந்துக்கும் இன்சுலினுக்கும் நான் ஆப்பைத் தொட மாட்டேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலின், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது என்று யார் சொல்வது?

ஏசி போட்ட பெரிய கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருப்பு இருக்கும், ராத்திரியிலும் திறந்திருக்கும், போன் நம்பரைச் சொன்னால் பழைய பில் எல்லாம் திரையில் வரும். பார்மசிஸ்டும் இருப்பார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முகம். பில் போடும்போதே "மேம், மல்டிவிட்டமின் ஆஃபர்ல இருக்கு" என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள், அம்மா வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிவிடுவார்.

அரசு மையம்

தங்கை பட்டியலில் இதன் எதிரே பூஜ்யம் போட்டிருந்தாள், செலவு பூஜ்யம் என்ற பொருளில். அம்மா "நமக்கு எதுக்குடி அது, கஷ்டப்படுறவங்க வாங்கட்டும்" என்றார். எங்கள் நடுத்தர வர்க்கத்து வறட்டுக் கௌரவம் அது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித்தான் அரசு மருத்துவமனை எல்லாவற்றுக்கும் மருந்து அனுப்புகிறது. அந்த முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண் பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மாதம் தவறாமல் வருகிறது.

ஒப்பிட்டால், நடக்க முடியாதவர்களுக்கும், மாதம் 600 ரூபாய்கூடப் பாரமாக இருக்கிறவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. மற்ற எல்லா வழியிலும் டாக்டர் ஓரிடம், மருந்து ஓரிடம், பரிசோதனை ஓரிடம். இங்கே மூன்றும் ஒரே கூரையின் கீழ். இடைஞ்சல், மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று பேச நேரமில்லை. பின்னால் ஐம்பது பேர். அங்கே இருக்கும் மருந்தாளுநர் படித்தவர், ஆனால் காபி விசாரணைக்கெல்லாம் அவருக்கு அவகாசம் எங்கே?

நாங்கள் செய்தது

கடைசியில் வாங்குவதையும் கேட்பதையும் பிரித்துவிட்டோம். ஆறு மாத்திரையை முதல்வர் மருந்தகத்தில் அம்மாவே மாதம் முதல் வாரம் வாங்குகிறார். தைராய்டு மாத்திரை நாச்சியார் கோயில் பக்கத்துக் கடையில், அதே பிராண்ட். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுமனுக்கு ஏதாவது வேண்டுமென்றாலும் அந்தக் கடைதான். பிரஷர் பார்ப்பதும் அங்கேதான், வாரம் ஒருமுறை. ஆப் என் போனில் இன்னும் இருக்கிறது, ஐப்பசி மழையில் தெரு முழங்கால் தண்ணீராகும்போது உதவும். மாதச் செலவு 850 ரூபாய்ச் சுற்றில் நிற்கிறது. தங்கையின் பட்டியலில் இதைவிட மலிவான வழி இரண்டு இருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மாத்திரையை வேறு கடையில் வாங்கிக்கொண்டு ஆலோசனையை மட்டும் இந்தக் கடையில் கேட்பது எனக்கு உறுத்தியது. அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "அதனால என்ன சார், அங்க வாங்குறதயும் பையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எனக்கு மொத்தமும் தெரிஞ்சாப் போதும்" என்றார். ஒரு காகிதத்தில் ஏழு மாத்திரையின் பெயர், மில்லிகிராம், நேரம் எழுதி, கண்ணாடி போடாமலும் தெரியும்படி காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை வரைந்து கொடுத்தார். அது இப்போது சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. என் போனில் அதன் படம். தங்கை போனிலும்.

நீங்களும் இப்படி ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தால், மஞ்சள் பையிலிருந்து தொடங்கலாம். வீட்டிலிருக்கும் மாத்திரை மொத்தத்தையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, கூட்டமில்லாத பிற்பகல் மூன்று மணிக்கு, அருகிலிருக்கும் கடைகளில் எது பொறுமையாகப் பார்க்கிறது என்று பாருங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ வீக்கமோ வந்தால் அதைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் சொல்லலாம். பொதுவான மருத்துவச் சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் 104.

போன ஞாயிறு அம்மா போன் செய்தார். மறுபடி முட்டி வலியாம்.

"போய்க் கேட்டேன்டா. பாரசிட்டமால் ஒரு அட்டை, ஒரு தைலம், அவ்வளவுதான். திங்கக்கிழமை எலும்பு டாக்டர்கிட்ட போகச் சொல்லி அவளே போன் பண்ணி டோக்கன் போட்டுட்டா. என்ன கேட்டாலும் ஒன்னும் குடுக்க மாட்டேங்குறாடா அவ" என்று குறைப்பட்டுக்கொண்டார்.